நிலக்கரிக் கிராமமும் ஒப்பாரிக் கோச்சியும்

உணவகமொன்றில் பத்து வருடம் என்னோடு கோப்பை கழுவிய மொரோக்கோ நண்பர் ஒருவர் இருக்கிறார். திரான்சியில் எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஊர்க்கதை வந்தால் "நான் மலையடிவாரத்துப் பிள்ளை" என்பார். பிறந்தது வட பிரான்சிலுள்ள லோஸ்-ஆன்-கோயெல். அந்தத் தட்டை நிலத்தில் ஏது மலை என்று நான் பகிடி பண்ண, ஒரு லீவு நாளில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போய் இறங்குகிற அதே கார்-து-நோர் நிலையத்தில்தான் ரயில் ஏறினோம். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, லான்ஸ் வந்துவிட்டது. கிராமம் அதற்குப் பக்கத்தில்.

மலை இருக்கத்தான் செய்தது. ஒன்றல்ல, இரண்டு. கறுப்பாக, கூம்பு கூம்பாக, 140 மீற்றருக்கு மேல் உயரம். நிலக்கரியோடு வெளியே வந்த கழிவுக் கல்லைக் கொட்டிக் கொட்டி எழுப்பியவை. இப்படியான மேடுகள் 120 கிலோமீற்றர் நீளத்துக்கு அந்தப் பிரதேசமெங்கும் கிடக்கின்றன. 2012 இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இப்போது உல்லாசப் பயணிகள் ஏறிப் படம் எடுக்கிறார்கள்.

அடியில் கிடக்கிற கதை வேறு. 1906 மார்ச் 10 அன்று பக்கத்திலுள்ள கூரியேர் சுரங்கங்களில் நடந்த வெடிப்பில் 1,099 பேர் செத்தார்கள். 1915 இல் நடந்த சண்டையில் லோஸ் கிராமமே தரைமட்டம். போர் முடிய ஆண்கள் இல்லை. 1919 இல் போலந்தோடு ஒப்பந்தம் போட்டு ஆள் பிடித்தார்கள். வரிசை வரிசையாகக் கொம்பனி வீடுகள், கொம்பனிப் பள்ளிக்கூடம், கொம்பனி வைத்தியர். வேலை போனால் வீடும் போச்சு. வாசிக்கிற உங்களுக்கு மலையகத்து லயன் ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

முப்பதுகளில் பொருளாதாரம் படுத்ததும் அதே போலந்துக்காரரைக் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1934 இல் லெபொரே என்ற ஊரில் வேலைநிறுத்தம் செய்ததற்காகத் துரத்தப்பட்ட இளைஞன் எட்வர்ட் கிரெக், 1970 இல் போலந்தின் ஆளுங்கட்சித் தலைவரானார். மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அறுபதுகளில் மொரோக்கோவின் முறை. முன்னாள் இராணுவ அதிகாரி பெலிக்ஸ் மோரா கிராமம் கிராமமாகப் போய் ஆண்களை நிறுத்திப் பார்த்தார். தெரிவானவனின் நெஞ்சில் பச்சை முத்திரை, கழிக்கப்பட்டவனுக்குச் சிவப்பு. என் நண்பரின் தகப்பனுக்குப் பச்சை. அந்த ஊர்ச் சுரங்கம் 1986 இல் மூடப்பட்டது. தகப்பனுக்கு மிஞ்சியது நெஞ்சு நிறையக் கரித்தூசி.

சரி, இதை ஏன் நான் எழுத வேண்டும்?

எங்கள் நாட்டிலும் கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். 1948 இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்குச் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதற்காக எவ்வளவு அழுதோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

பாரிசில் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் மலர் போடுகிறது. கோயில் வரலாறு, பள்ளிக்கூட வரலாறு, டொக்டர்மார், எஞ்சினியர்மார் எல்லாம் இருக்கும். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு ஓடி வந்து எங்கள் வயல்களில் கூலிக்கு நின்ற மலையகச் சனத்தின் பெயர் ஒன்று இருக்குமா? நான் இன்னும் காணவில்லை. பிரிபெக்சர் வரிசையில் நிற்கும்போது பிரெஞ்சுக்காரன் எங்களை இளக்காரமாகப் பார்க்கிறான் என்று குமுறுகிறோம். குமுறுவது நியாயம். ஆனால் அந்தப் பார்வையை நாங்களும் ஒரு காலம் பார்த்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு சிறுமி வேலைக்கு நின்றாள். மலைநாட்டுப் பிள்ளை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நான் பள்ளிக்கூடம் போனேன், அவள் முற்றம் கூட்டினாள். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாள் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கறுப்பு மேட்டின் உச்சியில் நின்று நண்பர் தகப்பன் குடியிருந்த வீட்டைக் கை நீட்டிக் காட்டினார். பிறகு, "உன் ஊரைப் பற்றிச் சொல்லு" என்றார். கோயிலிலிருந்து தொடங்க வாய் வந்தது. நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளையிலிருந்து தொடங்கினேன்.