ஒரு செட் மாத்திரை

புதுப்பட்டினத்தில் வலை இழுத்துத் தோள் பிடித்துக்கொண்டவரும், சித்தாள் வேலையில் முழங்கை வீங்கியவரும் மருந்துக் கடையில் கேட்பது ஒன்றுதான்: “உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க.” அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகள் காகித உறையில் வரும். பெயர் தெரியாது, அளவும் தெரியாது. பெரும்பாலும் அதில் டைக்ளோஃபினாக் மாதிரி ஒன்று இருக்கும். சட்டப்படி அது அட்டவணை ‘எச்’ மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. இதற்காகக் கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க யாரால் முடியும்? என் சண்டையெல்லாம் பெயர் எழுதாத அந்த உறையோடுதான். வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல், வெறும் வயிற்றில் இதைப் போட்டுக்கொண்டே இருந்தால் இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்றவற்றுக்கு மேலே தடவும் வலிநிவாரண ஜெல்தான் முதல் தேர்வு என்று 2020இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் இரண்டு பரிந்துரைத்தன (இடுப்பு வலி அந்தக் கணக்கில் வராது). ஜெல்லில் ரத்தத்துக்குப் போவது சொற்பம். நம்மவர்களுக்கோ தடவுவதெல்லாம் தைலம், விழுங்கினால்தான் மருந்து! ஜெல் குழாயைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரைதான் வேண்டுமென்றால் உறையில் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அடிபட்ட காலை ஊன்றவே முடியவில்லையென்றால் எக்ஸ்ரே எடுக்கப் போங்கள்.