ஆடும் கண்ணாடி

இரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர போகும் பாதையில் ரிவர்ஸ்டன் உச்சியைத் தாண்டிய சகோதரிகளுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாதை குறுகல், வளைவுகள் அதிகம், எந்நேரமும் புகார் இறங்கும். நக்கிள்ஸ் மலைகள் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. விடுமுறை நாட்களில் பிட்டவல பத்தன பார்க்க வரும் வாகனங்களுக்கும் குறைவில்லை.

களவேலைக்காக அவ்வழியே எங்கள் கெப் வண்டியில் அடிக்கடி போகிறேன். அதன் இடப்பக்கக் கண்ணாடி மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. சாரதி அண்ணா பழைய டியூப் துண்டொன்றால் இழுத்துக் கட்டியிருந்தார். பல்வலிக்குத் துணி கட்டிய பிள்ளை மாதிரி இருக்கும்.

ஒரு பின்னேரம் எதிரே பஸ் வந்தது. வழிவிட வண்டியைப் பின்னால் எடுத்தார். கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் நடுங்கும் பச்சை நிறம் மட்டுமே. எதற்கும் பார்ப்போமென்று நான் தலையை வெளியே நீட்டினேன். பையும் கைப்பிள்ளையுமாக ஒரு தாய், சரிவோரம் ஒதுங்க இடமின்றி நிற்கிறார். "அண்ணா, நிப்பாட்டுங்க!" வண்டி நின்றது. அவருக்கும் டயருக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்காது.

அலுவலகத்தில் ஏற்கனவே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தோம். "சின்ன வேலைதானே, சேர்விஸுக்குப் போகும்போது செய்யலாம்" என்றார்கள். சின்ன வேலை என்பதால்தான் மூன்று மாதம் கிடந்தது.

மறுநாளே கராஜுக்குப் போனோம். எது ஆடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் பாஸ். உள்ளே கண்ணாடி மட்டும் ஆடினால் அதைப் பிடித்திருக்கும் பின்தட்டில் கோளாறு. கூடு ஆடினால் மடக்கும் மூட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அடிக்காலோடு ஆடினால் கதவில் பூட்டிய நட்டுகள் கழன்றிருக்கும். எங்களுடையது கடைசி ரகம். கதவின் உட்புறத்தில் இருந்த முக்கோண பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். மூன்று நட்டில் இரண்டு தளர்ந்திருந்தன, ஒன்றைக் காணவே இல்லை. புதியது போட்டு, ஸ்பிரிங் வொஷரும் வைத்து இறுக்கினார். அளவுக்கு மீறி இறுக்கினால் அடிக்கால் வெடித்துவிடுமாம். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

மூட்டே தேய்ந்திருந்தால் பசை, கம்பி, டியூப் எதுவும் நிற்காது, முழுக் கண்ணாடியையும் மாற்றத்தான் வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்தது வாங்கலாம். வண்டியின் மொடலையும் வருடத்தையும், இடமா வலமா என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும்.

பூட்டிய பிறகு சாரதியை ஆசனத்தில் இருத்தி, கண்ணாடியின் உள் ஓரத்தில் வண்டியின் பக்கம் கொஞ்சமும், கீழே பாதை ஓரமும் தெரியும்படி திருப்பினோம். இடப்பக்கக் கண்ணாடி பெரும்பாலும் குவிந்தது. அதில் ஆட்கள் இருப்பதைவிடத் தூரத்தில் நிற்பதாகத் தோன்றும்.

பிள்ளைகளைப் பாடசாலை வேனில் அனுப்பும் தாய்மாரே, காலையில் அந்தக் கண்ணாடியை ஒருமுறை விரலால் தள்ளிப் பாருங்கள். சாரதி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கழற்றிய டியூப் துண்டை எங்கள் அண்ணா எறியவில்லை. எதற்காவது உதவும் என்று ஆசனத்துக்கடியில் வைத்திருக்கிறார்.