மழைப் படத்தில் சிவப்பு நிறத்திற்கு என்ன பொருள்?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கைப் படங்களில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்கள் உண்டு. மழை எச்சரிக்கையில் சிவப்பு வந்தால் மிகப் பெருமழை. உடனே காப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். அதே துறையின் மாவட்டவாரி மழையளவுப் படத்திலும் சிவப்பு வருகிறது. ஆனால் அங்கே அதற்குப் பொருள் மழைக்குறைவு. இயல்பைவிட 20 முதல் 59 சதவீதம் வரை குறைவு என்றால் சிவப்பு. 60 முதல் 99 சதவீதம் வரை குறைந்தால் மஞ்சள். ஆக, ஒன்றில் மஞ்சளைவிடச் சிவப்பு கடுமை. மற்றொன்றில் சிவப்பைவிட மஞ்சள் கடுமை! படித்தவர்களே தடுமாறும் இடம் இது.

நிலக்கடலையைப் பிடுங்கிக் களத்தில் போட்டிருக்கும் சிறு விவசாயிக்கு இந்தத் தடுமாற்றம் ஒரு போக விளைச்சலையே பாழாக்கிவிடக் கூடும். படம் புரியவில்லை என்றால் விவசாயிக்குப் படிப்பு போதாது என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமல்ல. குறை படத்தில் இருக்கிறது.

படத்தைப் பார்ப்பவரின் கண் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே தாவுகிறது என்று அளக்கும் கருவிகள் உள்ளன. அகச்சிவப்பு ஒளி விழியில் பட்டுத் திரும்புவதைக் காமிரா பதிவு செய்கிறது. இத்தகைய ஆய்வுகளும் மனோதத்துவமும் தட்பவெப்பப் படங்களை எளிதாக்க எவ்வாறு உதவும் என்பதை, இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் 2016-ல் ஒரு கட்டுரையில் விளக்கினர். முக்கியமான இடத்திற்குப் பார்வையை இழுக்க வேண்டும், வேண்டாதவற்றை நீக்க வேண்டும், விளக்கத்தைப் படத்தோடு சேர்த்தே எழுத வேண்டும் என்பவை அதன் சாரம். நிறத்தின் பொருளை ஒரு மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டால், கண் அங்குமிங்கும் அலைய வேண்டியிருக்கிறது. மாவட்டத்தின் மேலேயே 'மழை குறைவு' என்று எழுதிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

சொற்களிலும் இதே சிக்கல்தான். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்றால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில், 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை மழை என்று பொருள். படிப்பவரின் கண் 'ஓரிரு' என்பதில் நிற்கிறதா, 'கனமழை'யில் நிற்கிறதா? சோதித்தால்தான் தெரியும்.

புதிய படம் எதையும் வெளியிடுமுன் இருபது, முப்பது விவசாயிகளிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். கருவி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. 'உங்கள் மாவட்டத்திற்கு என்ன சொல்லியிருக்கிறது, காட்டுங்கள்' என்று கேட்டு, விரல் போகும் இடத்தைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அதுவரை, படத்தைக் கண்டதும் விவசாயிகள் நிறத்தைப் பார்க்க வேண்டாம். முதலில் தலைப்பையும் தேதியையும் பார்த்து, அது பெய்த மழையின் கணக்கா, வரப்போகும் மழைக்கான எச்சரிக்கையா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.