கரிக்கோடு

ரவிவர்மா வீட்டைப் பார்க்கும் எண்ணத்தில் எங்களில் யாரும் கொட்டாம்பட்டியில் வேன் ஏறவில்லை. பத்மநாபசாமி கோயில், கோவளம், திரும்பும்போது கன்னியாகுமரி. திட்டம் அவ்வளவுதான். கூட வந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்தான் திருவனந்தபுரத்தில் இறங்கியதிலிருந்து நச்சரித்தார். "வடக்கே நாப்பது கிலோமீட்டர்கூட இருக்காதுய்யா கிளிமானூரு. அந்த மனுசன் பொறந்த வீட்டப் பாத்துட்டுப் போயிருவோம்." வேன் வாடகையில் அவரும் பங்கு கொடுத்திருந்தார். மறுக்க முடியவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட, யார் வீடு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. "நம்ம வீட்டு சரஸ்வதி படத்த வரஞ்சவரு" என்று மாஸ்டர் சொன்ன பிறகுதான் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்கள். ஓட்டுக் கூரை, மரத்தூண், சுற்றிலும் மரநிழல். 1848இல் அவர் பிறந்ததும் 1906இல் கண்மூடியதும் இங்கேதான். அவர் தீட்டிய மூல ஓவியங்கள் திருவனந்தபுரம், மைசூர், பரோடா என்று அரண்மனைகளிலும் கூடங்களிலும் பரவிக் கிடக்கின்றன. ஆனாலும் அவர் உட்கார்ந்து வரைந்த அறையைக் குடும்பத்தார் சித்திரசாலை என்று பெயரிட்டுக் காத்துவருகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நாங்களும் தாழ்த்திக்கொண்டோம்.

மாஸ்டர் தாழ்த்தவில்லை. நாற்பது வருஷம் வகுப்பில் பேசிய தொண்டை. சின்ன வயதில் ரவிவர்மா இந்த வீட்டுச் சுவரெல்லாம் கரித்துண்டால் கிறுக்கிவைத்த கதையைச் சொன்னார். தாய்மாமன் ராஜராஜவர்மா பார்த்தார், அடிக்கவில்லை. அவரே ஓவியர். பையனுக்குக் கற்றுக்கொடுத்து, பதினாலு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார். அங்கே அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் தொழில் ரகசியத்தைச் சொல்லித்தர மறுக்க, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இராத்திரியில் ஒளிந்துவந்து சொல்லித்தந்தாராம். வாத்தியார்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது ஆறுமுகம் பிள்ளை இருக்கும் இடத்தில் தங்களையே வைத்துக்கொள்கிறார்கள் என்று தோன்றியது.

"செரி, அந்த மாமனுக்குச் சொல்லிக்கொடுத்தது யாருங்கிறீக?" என்று நிறுத்தினார். "அழகிரி நாயுடு. மதுரைக்காரரு. சுவாதித் திருநாள் மகாராஜா கூப்பிட்டு வச்சுக்கிட்ட ஆளு."

எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "நம்மூர்க்காரரா!" என்று ஒருவர் போனை எடுத்து இன்னொரு படம் பிடித்தார். அந்தப் பெருமை வேன் வரைக்கும்கூட வரவில்லை. மதுரைக்கு நாங்கள் போகாத மாதமில்லை. சித்திரைத் திருவிழா, ஜவுளி, ஆஸ்பத்திரி, கோர்ட்டு. எந்தத் தெருவில் எந்த ஓட்டலில் கறிதோசை நன்றாக இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அழகிரி நாயுடு எந்தத் தெருவிலிருந்து மலையாளம் போனார் என்று ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை. கேட்க அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. எங்கள் ஊர் ஓவியனின் பெயரைத் தெரிந்துகொள்ள அடுத்த மாநிலத்து ஓவியனின் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. போகும்போது கோவில்பட்டியில் வண்டியை நிறுத்தியிருந்தோம். கடலைமிட்டாய், ஆளுக்கு ரெண்டு கிலோ. அந்த ஊரில்தான் சி. கொண்டையராஜு இருந்தார். 1898இல் மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, கம்பெனி கலைந்ததும் 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். அவரும் சீடர்களும் வரைந்ததைச் சிவகாசி அச்சகங்கள் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளின. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கொட்டாம்பட்டி மளிகைக் கடை காலண்டரில் சிரித்த முருகன் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தார் கைவண்ணம்தான். 1976இல் காலமானார். அவர் எங்கே குடியிருந்தார் என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மிட்டாயில் வெல்லப்பாகு முற்றிவிட்டதா இல்லையா என்றுதான் கேட்டோம்.

காலண்டர் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட காலத்தில், பாட்டி கும்பிட்ட கண்ணாடி போட்ட சாமி படங்கள் புது டைல்ஸ் சுவருக்குப் பொருந்தவில்லை. ரவிவர்மா அச்சு லட்சுமிக்கு ஜரிகையும் சம்கியும் ஒட்டிப் புடவை கட்டிய படம்கூட அதில் இருந்தது. ஆணியடித்தால் டைல்ஸ் விரியும் என்றார் கொத்தனார். சட்டம் நல்லதாக இருந்தவை பழைய சாமான்காரருக்குப் போயின. மற்றவை அரசமரத்தடிக்குப் போயின. குப்பையில் போட்டால் பாவம், மரத்தடியில் வைத்தால் பாவமில்லை என்று எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சாத்திரம் வைத்திருக்கிறோம். மழையில் சாயம் கரைந்து லட்சுமியின் முகம் ஒழுகியதைப் பார்த்துக்கொண்டேதான் பஸ்ஸுக்கு நின்றோம்.

இதெல்லாம் சின்னக் கணக்கு. பெரிய கணக்கு மேலூர் போகிற வழியில், கருங்காலக்குடியில் இருக்கிறது.

பஞ்சபாண்டவர் குட்டு. ஊர்க்காரர்களுக்கு அது ஆடு மேய்க்கும் பாறை. அதன் குகைத்தளத்தில் சமணர்கள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. மேலே, ஏழையூர் என்ற ஊர்ப்பெயரோடு, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டு. பாறையில் ஒரு தீர்த்தங்கரர். அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்தது என்று வட்டெழுத்து. இவற்றோடு, பாறையின் உட்புறத்தில் வெள்ளை நிறத்தில் பழைய ஓவியங்கள். வரைந்தவருக்குப் பெயரில்லை, அரண்மனையில்லை, தாய்மாமன் யாரென்று தெரியாது. மழைக்கு ஒதுங்கிய இடம்தான் வீடு, சித்திரசாலை எல்லாம். இப்படி ஒன்று கிளிமானூரில் இருந்திருந்தால் நாங்கள் செருப்பைக் கழற்றியிருப்போம்.

இங்கே கழற்றவில்லை. அந்தக் கற்படுக்கையில் சீட்டாடியவர்கள் நாங்கள். பாட்டிலை எறிந்து உடையும் சத்தத்துக்குச் சிரித்தவர்களும் நாங்கள்தான். கிரானைட் காலம் வந்தபோது எந்தப் பாறை கியூபிக் மீட்டர் என்ன விலை போகும் என்று எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. எந்தப் பாறையில் எழுத்து இருக்கிறது என்று கேட்டால், தொல்லியல் துறைக்காரனைக் கேள் என்போம். துறை பலகை வைத்தது. பலகையில் மாட்டை முதுகு தேய்க்க விட்டோம்.

பெயர் எழுதியவர்களும் நாங்களே. அச்சணந்தியும் பெயரைப் பொறித்தார்தான். ஆனால் அவர் பெயருக்கு மேலே அவர் செய்வித்த ஒரு திருமேனி இருந்தது. எங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அம்பு, ஒரு இன்ஷியல், பிளஸ் டூ முடித்த வருஷம். சின்னப் பிள்ளைகள் கரியால் எழுதியதை மழை கழுவிவிடும். நாங்கள் வளர்ந்த பிள்ளைகள். பொங்கலுக்கு மாட்டுக்கொம்பில் பூசியது போக மிஞ்சிய எனாமல் பெயின்ட்டை எடுத்துப்போனோம்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் எங்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு குட்டுக்குப் போனார். எங்கள் பெயர்களை நாங்களே அழித்துவிடுவது என்று பேச்சு. தின்னர், கம்பி பிரஷ், பழைய வேட்டி எல்லாம் பையில் இருந்தன. என் பெயர் நீலத்தில், போட்ட அன்று போலவே பளபளத்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். 'ரா'வின் காலுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ ஒன்று தொடங்கிப் பெயின்ட்டுக்குள் போய் மறைந்தது. மனிதக் காலாகவும் இருக்கலாம், மாட்டின் காலாகவும் இருக்கலாம்.

பிரஷ்ஷை எடுத்தேன். மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேய்க்காதீக தம்பி. ஒங்க பேரோட அதுவும் சேந்து வந்துரும்."