குளிர்ந்த எஞ்சினும் இருமல் மருந்துப் போத்தலும்



சென்ற மாதம் மகன் பழைய கார் ஒன்று வாங்கி வந்தான். விடியற்காலையில் ஸ்ரார்ட் செய்தால் எஞ்சின் உரக்க இரையும். சிறிது நேரத்தில் தானே அடங்கும். "பழுதோ அம்மா?" என்று கேட்டான். பழுதில்லை. குளிர்ந்த எஞ்சினுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். இப்போதைய கார்களில் கணினி அதை அளந்து கொடுக்கிறது. அன்று நாங்கள் கையால் அளந்தோம்.

1990இல் தடை வந்தபின் குடாநாட்டில் பெற்றோல் மருந்துக்கும் அரிதாயிற்று. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஐயா வாடகைக்கு ஓடியது 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ-40. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் பொறி பற்றாது. எஞ்சின் சூடேறும்வரை பெற்றோலைக் கொடுத்துத் தாக்காட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர் அதைக் கண்மருந்துப் போத்தலில் வைத்திருப்பார்கள். எங்களிடம் இருந்தது இருமல் மருந்துப் போத்தல்.

1993 கார்த்திகை, விடாத மழை. நடுச்சாமத்தில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்தா. மருமகளுக்குத் தலைப்பிரசவம், வலி கண்டுவிட்டது. கரவெட்டியிலிருந்து மந்திகை ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். பற்றரிக்கு எஞ்சினைச் சுற்றும் வலு இல்லை. பொறி விழ மட்டும் போதும். முன்னால் இரும்புக் கைபிடியைப் போட்டுத்தான் சுற்றவேண்டும். ஐயாவின் வலது மணிக்கட்டோ முந்திய மாதம் அதே கைபிடி திருப்பி உதைத்து முறிந்திருந்தது.

"பிள்ளை, நீ சுத்து. பெருவிரலை மற்ற விரல்களோடை சேர்த்து ஒரே பக்கமா வை. கீழை அமத்தாதை, மேலை இழு."

எனக்கு வயது பத்தொன்பது. முதல்முறை பற்றியது. அவசரத்தில் ஐயா மண்ணெண்ணெய்க்கு மாற்ற, வெள்ளைப் புகை தள்ளி நின்றுவிட்டது. பிறகு எத்தனை தரம் இழுத்தும் அசைவில்லை. பிளக்குகள் நனைந்துவிட்டன. நாலையும் கழற்றி, பெற்றோல் போத்தலை வீட்டுக்குள் தூர வைத்துவிட்டு, அம்மா அடுப்பு மூட்டி நெருப்பில் சூடாக்கினா. சுடச்சுடத் துணியால் பிடித்துப் பூட்டினோம். திண்ணையில் அந்த அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தா. மாமி ஒவ்வொரு கோயிலாக நேர்ந்துகொண்டிருந்தா. எனக்கு அவவைத் திரும்பிப் பார்க்கவே பயம்.

மறுமுறை இழுத்தபோது கைபிடி ஒருதரம் எதிர்ப்பக்கமாக அடித்தது. விரல் வெளியில் இருந்ததால் கை தப்பியது. அடுத்த இழுவையில் பற்றிக்கொண்டது. இந்தமுறை ஐயா அவசரப்படவில்லை. இடக்கையால் சிறிது சிறிதாகப் பெற்றோல் விட்டு, எஞ்சின் மூடியில் கைவைத்துச் சூடு பார்த்து, பிறகுதான் மாற்றினார். போத்தலில் அடிமட்டத்தில் கொஞ்சம் மிச்சம். ஐயா ஒரு கையால் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து கியர் போட்டேன். கார் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தது.

எஞ்சினை நிறுத்தியதும் ஐயா கேட்ட முதல் சாமான் சாக்கு. ஈரமில்லாத இரண்டை வாங்கி எஞ்சின் மூடிக்கு மேல் போர்த்தினார். சூடு ஆறிவிட்டால் வீடு திரும்பப் பெற்றோல் காணாதே! ஒரு மணித்தியாலத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. சாக்கை எடுத்துவிட்டு இழுத்தேன். ஒரு சொட்டுப் பெற்றோலும் இல்லாமல், ஒரே இழுவையில் பற்றியது.