விசில் ஊதிட்டானா?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குக் கணக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். காலையில் டீக்கடைக்குப் போனால் போதும், தானாக வந்துவிடும். பேப்பரில் எங்களவர்கள் முதலில் தேடுவது தலைப்புச் செய்தியை இல்லை. மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் முல்லைப் பெரியாறு அணை நிலவரத்தை. நீர்மட்டம் இவ்வளவு, வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு. படித்த மறு நிமிஷமே ஆரம்பித்துவிடுவார்கள்.

"தேக்கடில இன்னும் பத்து நாள் மழை பிடிச்சிச்சுன்னா ரெண்டாம் போகத்துக்குப் பயமில்லப்பா."

"பிடிக்கலேன்னா?"

"அப்ப தொறப்பைக் கொறைச்சு, முறை வச்சு விட்டான்னா..."

இப்படி 'ன்னா, ன்னா' என்றே 14,707 ஏக்கர் இருபோக நெல்லையும் டீ ஆறுவதற்குள் அறுத்து, தூற்றி, மூட்டை கட்டிவிடுவார்கள்!

ஹாக்கி ரசிகனும் இந்த ரகம்தான். 'நாம ஜெயிச்சு, அவன் தோத்து, இவன் டிரா பண்ணி, அதுலயும் ரெண்டு கோலுக்கு மேல போகாம இருந்தா...' என்று பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பான். பெண்டாட்டி கூப்பிட்டால் காது கேட்காது.

எங்கள் மாவட்டத்தில் ஹாக்கி ரசிகர்களை விரல் விட்டு எண்ணலாம். பெரியகுளம் பக்கம் கூடைப்பந்து. மற்ற எல்லா ஊரிலும் கிரிக்கெட். எனக்கு இந்த வியாதி எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சாரிடமிருந்து தொற்றியது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அந்த ஊரில் குழந்தை பிறந்தால் முதலில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் பால் கொடுப்பார்களோ என்னவோ! சின்னமனூருக்கு வேலைக்கு வந்தபோது துணிமணியோடு பத்து மட்டையையும் கட்டிக்கொண்டு வந்தவர். செம்மண் கிரவுண்டில் எங்களை ஓடவிட்டு, முழங்காலை எல்லாம் அந்த மண்ணின் நிறத்துக்குக் கொண்டுவந்தவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் ஃபைனலை, ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்து பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியதை, அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தடவைக்குத் தடவை கோல் ஒன்று கூடாமல் இருந்ததே ஆச்சரியம்.

இப்போது 2000-ம் வருஷம் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு வாருங்கள். சிட்னி ஒலிம்பிக். நான் அப்போது ஆபீஸில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத கிளார்க். நம் அணிக்குக் கோச், அதே மாஸ்கோ பாஸ்கரன். ஆடுவதற்குத் தன்ராஜ் பிள்ளை. இரண்டு பேருமே தமிழர்கள். இது போதாதா எனக்கு?

அர்ஜென்டினாவை 3-0 என்று ஜெயித்தோம். ஆஸ்திரேலியாவை, அவன் ஊரிலேயே, 2-2 என்று நிறுத்தினோம். தென்கொரியாவிடம் 0-2 என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஸ்பெயினை 3-2. ஆக, நாலு ஆட்டத்தில் 7 புள்ளி. பாக்கி ஒரே ஒரு ஆட்டம், போலந்தோடு. ஜெயித்தால் 10 புள்ளி, அரையிறுதி. இருபது வருஷமாகக் காணாத மெடலுக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம்.

என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுலபமான கணக்கை நான் போட்டதில்லை. வேறு எவனும் தோற்க வேண்டாம், எவனும் டிரா பண்ண வேண்டாம். நாம் ஜெயித்தால் முடிந்தது. இருந்தாலும் கை சும்மா இருக்குமா? ஆபீஸ் வவுச்சர் பின்பக்கத்தில் புள்ளிக் கணக்கு எழுதி வைத்திருந்தேன். ஹெட் கிளார்க் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "கொரியாங்கிறது யாருய்யா, நம்ம பார்ட்டியா? எட்டு இன்னும் வரவேண்டியிருக்கோ?" என்றார். "வராது சார், வரக்கூடாது" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். லீவு லெட்டரில் 'வயிற்றுக் கோளாறு' என்று நான் எழுதியிருந்ததை அவர் நம்பவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து சாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி. டி.வி. பார்க்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவர் சம்சாரம் டி.வி. மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்தி, சுற்றிக் கயிறும் கட்டிவிட்டார்கள். சார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "நீ பார்த்துட்டு வந்து ஒவ்வொண்ணா சொல்லுடா. எனக்குக் காது நல்லாத்தான இருக்கு?"

அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடை. அங்கே டி.வி. உண்டு. கிரிக்கெட் இல்லாத நாளானதால் எனக்கு முன்வரிசையிலேயே பெஞ்சு கிடைத்தது. முதல் பாதி கோல் இல்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். "பதட்டப்படாம ஆடச் சொல்லு" என்றார், நான் என்னமோ பாஸ்கரனிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்பது போல. இரண்டாவது பாதியில் நாம் ஒரு கோல் போட்டோம். கடையில் இருந்த நாலு பேரும் கத்தினோம். டீ மாஸ்டருக்கு ஹாக்கி தெரியாது, இருந்தாலும் மரியாதைக்கு அவரும் கத்தினார்.

அப்போதெல்லாம் ஹாக்கி 70 நிமிஷம். இரண்டு 35. அறுபதாவது நிமிஷம், அறுபத்தைந்து, அறுபத்தேழு... 1-0 அப்படியே நிற்கிறது. என்னால் உட்கார முடியவில்லை. இன்னும் இரண்டோ மூன்றோ நிமிஷம். இனிமேல் என்ன ஆகிவிடும்? எழுந்தேன், ஓடினேன்.

"சார்! செமி ஃபைனல் சார்!"

சார் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் சம்சாரம் அடுக்களையிலிருந்து வந்து, "நல்ல சேதி சொன்ன வாய்க்கு" என்று ஒரு கை சர்க்கரையை என் வாயில் போட்டார்கள். சார் மட்டும் கேட்டார்:

"விசில் ஊதிட்டானா?"

"இல்ல சார்... ரெண்டே நிமிஷம்தான் சார் இருக்கு..."

"ஊதலைல்ல? அப்புறம் எதுக்குடா வந்த? போ. ஊதினப்புறம் வா."

திரும்ப ஓடினேன். தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெயித்த கடை அப்படி இருக்காது. டீ மாஸ்டர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்காமல். டி.வி.யில் 1-1. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூடப் பாக்கி இல்லாதபோது போலந்துக்காரன் போட்டுவிட்டான். அதாவது, நான் சார் வீட்டில் சர்க்கரை தின்றுகொண்டிருந்த நேரத்தில்! வாயில் இன்னும் இனிப்பு இருந்தது. துப்பவும் தோன்றவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

நம் இடத்துக்குக் கொரியா போனான். ஃபைனல்வரை போய், ஹாலந்திடம் பெனால்டி ஸ்ட்ரோக்கில் தோற்று, வெள்ளி மெடலோடு ஊர் போய்ச் சேர்ந்தான். நமக்கு ஏழாவது இடம்.

அந்த இரண்டு தெருவையும் நான் மறுபடி நடக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று நினைவில்லை. சொன்னேன். சார் ஒன்றும் சொல்லவில்லை. கண் ஆபரேஷன் பண்ணினவர் அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தம்மாதான் மெதுவாக, "அந்த ரெண்டு நிமிஷம் பொறுத்து வந்திருக்கலாம்லப்பா" என்றார்கள்.

நான் எழுந்து போனதால்தான் அந்தக் கோல் விழுந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம். சிரிக்காதீர்கள். நீங்களும் ஒரே பனியனைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்த்தவர்தானே?

அதற்குப் பிறகு கணக்குப் போடவே வேலை இல்லாமல் போன காலமும் வந்தது. 2008-ல் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல் தடவையாக ஒலிம்பிக்குக்கே போகவில்லை. 2012 லண்டனில் 12 அணியில் 12-வது. சார் அந்த வருஷம் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் தனியே உருவி, பிரிக்காமல் பலகாரம் வைக்கக் கொடுத்துவிடுவார். 2014-ல் பெரியாறு அணையில் தண்ணீர் 142 அடியைத் தொட்டதுதான் அவரும் நானும் சேர்ந்து கொண்டாடிய ஒரே ஸ்கோர்.

2021 டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கியபோது, கடைசி ஆறு செகண்டில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீஜேஷ் தடுத்தார். நான் என் பங்குக்கு நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எழாமல் உட்கார்ந்திருந்தேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை! தேனியிலிருந்து பஸ் ஏறினால் உசிலம்பட்டி, செக்கானூரணி தாண்டி அரசரடி வந்துவிடும். இதற்குக்கூடப் போகாவிட்டால் நான் என்ன ரசிகன்? சாருக்கு வயது 82. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "நீ போ. முழுசாப் பார்த்துட்டு வா" என்றார். அந்த 'முழுசா'வில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவனை இழுத்துக்கொண்டு போனேன். ஐ.பி.எல். ரன் ரேட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவன். பஸ்ஸில் அவனுக்கு நிலவரம் சொன்னேன். 24 அணி, ஆறு பிரிவு. பிரிவுக்கு ஒருவன் காலிறுதிக்குப் போவான். ஆறு பேர் ஆச்சு. மிச்சம் இரண்டு இடத்துக்கு, இரண்டாவது வந்தவர்களில் யார் நல்ல கணக்கு வைத்திருக்கிறானோ அவன். நாம் சிலியை 7-0, ஓமனை 17-0. இன்றைக்குச் சுவிட்சர்லாந்து.

பையன் உசிலம்பட்டி வருவதற்குள் கணக்கை முடித்துவிட்டான். "அண்ணே, கோல் வித்தியாசம் 24 இருக்கு. இன்னைக்கு டிரா ஆனாலே போதும்ணே. எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

டிரா! அவன் அந்த 2000-ல் பிறந்தே இருக்கமாட்டான்.

மைதானத்தில் நல்ல கூட்டம். பயிற்சியாளராக நம் ஸ்ரீஜேஷ். எடுத்த எடுப்பிலேயே நம் பிள்ளைகள் கோல் போட ஆரம்பித்துவிட்டார்கள். என்ன வேகம்! நாங்கள் செம்மண்ணில் பந்தைத் தேடிக் கண்டுபிடித்து அடித்த ஆட்டமும் இதுவும் ஒன்று என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இப்போது 15 நிமிஷமாக நாலு பாகம். 'கடைசி குவார்ட்டர்' என்று ஒருத்தர் சொல்ல, பின்வரிசையில் ஒரே சிரிப்பு. நம்ம ஊர் அல்லவா!

5-0. ஐந்து நிமிஷம் பாக்கி. மறுநாள் திருக்கார்த்திகை என்பதால் ஜனம் எழுந்திருக்க ஆரம்பித்தது. தம்பி என் கையைப் பிடித்து இழுக்கிறான்.

"வாங்கண்ணே, பஸ்ஸை விட்ருவோம். அஞ்சு நிமிஷத்துல அஞ்சு கோல் எவன்ணே போடுவான்?"

"எவனும் போடமாட்டான்ப்பா."

"அப்புறம் என்ன?"

"இன்னும் ஊதலைல்ல?"

முழுசாக உட்கார்ந்திருந்தேன். முடிந்த சத்தம் கேட்டதும் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "ஊதிட்டானா?"

"இப்பல்லாம் விசில் இல்ல சார், ஹூட்டர்."

"எதையோ ஒண்ணை ஊதினானாடா?"

"ஊதிட்டான் சார். அஞ்சு பூஜ்யம்."

உசிலம்பட்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். அகல் விளக்கு இரண்டு டஜன் வாங்கிவரச் சொல்லியிருந்தாள் என் சம்சாரம். மறந்துபோனேன். அந்தக் கணக்கு தனி.

காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் தாண்டினோம். அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று நம்மைத் துவைத்துப் போட்டான். டிசம்பர் 10, சென்னை. வெண்கலத்துக்கு அர்ஜென்டினாவோடு ஆட்டம். நான் வீட்டில் செல்போனில் பார்க்கிறேன். மூன்று பாகம் முடிந்தது, நாம் 0-2. சார் கூப்பிட்டார்.

"டேய், டி.வி.யை அணைச்சிட்டேன்டா. இந்த வயசுல தாங்கலை."

"சார், இன்னும் ஊதலை சார்!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் டி.வி. போடுகிற சத்தம். போனை அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இன்னொரு போனைச் சம்சாரத்திடம் பிடுங்கி அதில் ஆட்டம் பார்த்தேன். செல்போனில் படம் அரை நிமிஷம் பின்னால் வரும் என்பது உங்களுக்குத் தெரியுமல்லவா? என் திரையில் பந்து நடு மைதானத்தில் கிடக்கிறது, போனில் சார் "கோல்!" என்று கத்துகிறார். மறுபடி கத்தினார். மறுபடியும். கடைசி 11 நிமிஷத்தில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால்.

"சார்... விசில் ஊதிட்டானா?" என்றேன்.

"எனக்கு ஊதிட்டான். உனக்கு இன்னும் அரை நிமிஷம் இருக்கு. எந்திரிக்காம உட்காரு."