திரையில் நம் பிள்ளையின் கணக்கு எங்கே?

 

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, தறி நெய்யும் சகோதரர் ஒருவர் தம் மகனின் கணக்கு நோட்டை நீட்டினார். 52-இல் 38-ஐக் கழிக்க வேண்டும். பையன், 38-லிருந்து 40-க்கு 2, 40-லிருந்து 52-க்கு 12, ஆக 14 என்று எழுதியிருந்தான். விடை சரி. ஆனால் கடன் வாங்கிக் கழிக்கவில்லை என்பதற்காகச் சிவப்பு மையில் பெருக்கல் குறி! "ஹஜ்ரத், கடையில மீதிச் சில்லறை எண்ணித் தர்றதப் பாத்துப் படிச்ச கணக்கு இது. தப்பா?" என்றார். அன்று முதல் அந்தப் பையன் வகுப்பில் வாய் திறப்பதில்லையாம்.

அந்த வகுப்பறையில் பெரிய திரை ஒன்று இருக்கிறது என்பதுதான் வேதனை. 2024-இல் தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகளை அமைக்கத் தொடங்கியது. ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் வழங்கியது. மனமார வரவேற்கிறோம். ஆனால் திரையில் ஓடுவது என்ன? எங்கோ எடுத்த பாட்டும் படமும். பிள்ளைகள் கைகட்டிப் பார்க்கிறார்கள். நம் பிள்ளையின் சிந்தனை அந்தத் திரையில் எப்போது வரும்?

வழி எளிது. கைக்கணினியில் கேமரா இருக்கிறது. மூன்று நோட்டுகளைப் படம் பிடித்து, பெயரை மறைத்து, திரையில் அடுத்தடுத்துப் போட இரண்டு நிமிடம் போதும். ஒன்றில் கடன் வாங்கிய 14. ஒன்றில் நம் பையனின் 14. இன்னொன்றில் 26, எட்டிலிருந்து இரண்டையும் ஐந்திலிருந்து மூன்றையும் எடுத்த பிழை. "எது சரி? எப்படித் தெரியும்?" என்று ஆசிரியர் கேட்டுவிட்டுச் சற்றுப் பேசாமல் நிற்கட்டும். "38-உம் 26-உம் கூட்டினால் 64 வருதே, 52 எங்கே?" என்று கடைசி வரிசைச் சிறுமி எழுந்து கேட்பாள். பாவில் இழை அறுந்தால் நெசவாளி அங்கேயே நிறுத்தி முடிச்சிடுகிறார். சேலை முடியட்டும் என்று விடுவதில்லை. பிள்ளையின் பிழைக்கும் அதே அவசரம் வேண்டாமா? (பெயரை மறைப்பது அவசியம். பிழையைக் காட்டிச் சிரிக்கவிட்டால் இருப்பதும் கெடும். அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றவும் கூடாது.)

இது வேற்றூர்ச் சரக்கல்ல. 2007 வாக்கில் தமிழகமெங்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது, வகுப்பறைச் சுவர்களில் பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை அடித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஓரிடம். எழுதியது எல்லார் கண்ணிலும் படும்.

மதரஸாவில் ஃபராயிள் ஓதியவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். கணவரையும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரையும் விட்டு ஒரு பெண் மரணித்தார். கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஆறில் ஏழு. சொத்தைவிடப் பங்கு பெரிது! கலீஃபா உமர் (ரலி) தனியே முடிவெடுக்கவில்லை, ஸஹாபாக்களிடம் ஆலோசித்தார்கள். சொத்தை ஏழாக்கி, கணவருக்கு மூன்று, சகோதரிகளுக்கு நான்கு என முடிவானது. இதுவே 'அவ்ல்'. பின்னர் இப்னு அப்பாஸ் (ரலி) மாறுபட்டார்கள். அந்தக் கருத்தையும் நம் நூல்கள் மறைக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலில் பெரும்பகுதி வாரிசுரிமை, மரண சாசனக் கணக்குகளே. நபர் பார்க்காமல் கணக்கைப் பார்த்து வாதிட்ட சமுதாயத்தின் பிள்ளை, இன்று கணக்கு வகுப்பில் ஊமையாவதா?

இட ஒதுக்கீட்டுக்காக வீதியில் நின்றோம். 2007-இல் 3.5 விழுக்காடு கிடைத்தது. அந்த இருக்கையில் அமர வேண்டியவன் மூன்றாம் வகுப்பிலேயே கணக்கைக் கண்டு ஒதுங்கிவிட்டால், யாரிடம் போய் முறையிடுவது?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். நம்மில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கிறோம்? சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளிகளும் உண்டு. அவர் சிரமம் நமக்குத் தெரியும். வாரத்தில் ஒரு கணக்குப் பாடவேளையாவது பிள்ளைகளின் நோட்டு திரையில் வர வேண்டும் என்று கேளுங்கள். தாய்மார்கள் முன்வந்து கேளுங்கள்.

செவிலிமேட்டுச் சகோதரர் அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துச் செல்கிறார். இன்ஷா அல்லாஹ், நாமும் உடன் செல்கிறோம்.